துணைக்குரலை அடியோடு நீக்கியது

4 மார்ச், திங்கள்

காலை ராகிக் கஞ்சி. மத்தியானம் ரசம் சாதம், மசித்தது. மாத்திரைகள் கொடுத்தாயிற்று. மூத்திரம் சரியாகப் போகிறது. டாக்டர் இதையெல்லாம் தினமும் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். உரக்கடையில் சும்மா கொடுத்த டைரி. என் வீட்டுக்காரருடைய கஞ்சிக்கும் மூத்திரத்துக்கும் பாதிப் பக்கம் போதும். மீதி எனக்கு.

நேற்று அவருடைய அக்கா வந்திருந்தார். எனக்கு நங்கையா முறை. வந்ததும் வராததுமாக அவர் நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்து, "தம்பி, இவ உன்னைய நல்லாப் பாத்துக்கறாளா சாமி?" என்று ஒரு கேள்வி. பக்கவாதம் வந்து வாய் கோணிப் பேச்சுப் போன மனுசனிடம் கேட்கிற கேள்வியா அது? தலை வேறு எந்நேரமும் தானாக ஆடிக்கொண்டே இருக்கும். ஆமாம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்று ஆண்டவனுக்கே தெரியாது. ஆனால் இப்போதுதான் அந்தச் சனியன் லேப்டாப் இருக்கிறதே. பொங்கலுக்கு வந்த மகள் சிந்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போன புரோகிராம். துணைக்குரல் என்று பேர். திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். விழாத இடது கை விரலால் தொட்டால் அது பேசும். மூலையில் எழுத்துக் கட்டம் ஒன்று உண்டு. அதைத் தொட்டால் அ, ஆ எல்லாம் வரும். ஒவ்வொன்றாகத் தட்டி வாக்கியம் எழுதிப் புதுக் கட்டமாகச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை மாசமாகத் தட்டிக்கொண்டிருந்தாரே, என்னத்தைத் தட்டினார் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

விரலை நீட்டினார். ரயில்வே ஸ்டேஷனில் அறிவிக்கிற ஆள் மாதிரி ஒரு குரல் சொல்லிற்று: "தண்ணி கேட்டா இவ தர்றதில்லை. செவுத்தப் பாத்து உக்கார வெக்கறா."

"அட கெரகமே!" என்று நங்கையா எழுந்துவிட்டார். "ஏன்டி வசந்தாமணி, என்ற தம்பி ராசாவாட்டம் இருந்தவன்டி! ஒரு வாய் தண்ணிக்கு வக்கில்லாமயா போயிட்டான்?"

ராசாதான். மஞ்சள் மண்டியில் ஏலம் கூவின ராசா. அந்தத் தொண்டையை வீட்டுக்கும் கொண்டுவந்த ராசா. விருந்தாளிகள் சாப்பிட உட்கார்ந்தால் என் சாம்பாரைக் கரண்டியில் தூக்கிக் காட்டி, "இந்தச் சரக்கு என்ன வெலை போகும்? எட்டணா? நாலணா? ஓசிக்காச்சும் யாராச்சும் எடுத்துக்கறீங்களா?" என்று ஏலம் விடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். நங்கையாதான் முதலில் சிரிப்பார்.

கேட்டபோதெல்லாம் தண்ணீர் கொடுத்தால் கேட்டபோதெல்லாம் வேட்டி மாற்ற வேண்டும். மாற்றுவது நங்கையாவா?

நங்கையா போன பிறகு அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, லேப்டாப்பை பீரோ மேல் வைத்தேன். சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

8 மார்ச், வெள்ளி

இட்லி, பாலில் ஊற வைத்தது. மலம் போகவில்லை.

தண்ணிக் கட்டத்தை மட்டும் அழித்துவிடலாம் என்று பார்த்தேன். பாஸ்வேர்டு கேட்கிறது. சிந்து வைத்தது. அவள் பிறந்த நாள், மாப்பிள்ளை பிறந்த நாள், கல்யாண நாள் எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கும் திறக்கவில்லை.

எனக்கா கம்ப்யூட்டர் தெரியாது? தமிழிலும் இங்கிலீஷிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் நான். கூட்டுறவு சங்கத்தில் வேலையும் கிடைத்தது. கல்யாணமான புதிதில் அதை நிறுத்தியவர் இவர். சங்கத்துக்கே வந்து, எல்லார் முன்னாலும், "இவளே, எந்திரி" என்றார். எந்திரித்து வந்துவிட்டேன்.

அவர் வாயில் எனக்கு 'இவளே', இல்லாவிட்டால் 'ஏய்', இல்லாவிட்டால் 'இந்தா'. முப்பத்தைந்து வருஷமாக இதேதான்.

10 மார்ச், ஞாயிறு

அன்இன்ஸ்டால் செய்துவிட்டேன். கண்ட்ரோல் பேனலுக்குள் போய்ப் பேரைத் தேடி ஒரு தட்டு. ஒரு பச்சைப் பட்டை ஓடி முடிந்தது. அவ்வளவுதான்.

சிந்துவிடம், "அது என்னமோ கெட்டுப் போச்சு கண்ணு" என்றேன்.

13 மார்ச், புதன்

வீடு எப்படி இருக்கிறது தெரியுமா! கூப்பிட ஆளில்லை. ஊஊ என்று சத்தம் போடுகிறார், அது காதில் விழுந்து விழுந்து பழகிப்போனது. மத்தியானம் சட்டியோடு தயிர்சாதம் எடுத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இப்படியே, இவரும் இல்லாமல், நான் மட்டும் ஒரு வருஷம் இருந்தால் போதும். அதற்கு மேல் எந்தச் சாமியிடமும் ஒன்றும் கேட்க மாட்டேன்.

குடிக்கக் கொடுத்தது: போதுமான அளவு.

17 மார்ச், ஞாயிறு

போச்சு.

சிந்து போனில் விடாப்பிடியாக நின்றாள். "டெஸ்க்டாப்புல செட்டப் பைல் இருக்குதும்மா. ரெண்டு தட்டு தட்டு. மறுபடியும் இன்ஸ்டால் ஆயிரும்." வீடியோவில் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், நான் என்ன செய்வேன்? தட்டினேன். புதிதாகத்தானே வரும், அவர் எழுதி வைத்ததெல்லாம் ஒழிந்திருக்கும் என்று நினைத்தேன்.

எல்லாம் வந்துவிட்டது. சிந்து போட்ட கட்டம், அவர் போட்ட கட்டம், தண்ணி, செவுரு, ஒன்று குறையாமல். பாஸ்வேர்டுகூட அதேதான் கேட்கிறது.

அவர் பாதி வாயால் சிரித்தார். மீதிப் பாதி எப்போதும் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. போனை ஆணியில் மாட்டிய முறத்தின் பக்கம் திருப்பி, "சிக்னல் இல்லை கண்ணு" என்று வைத்துவிட்டேன்.

2 ஏப்ரல், செவ்வாய்

அரிசிக் கஞ்சி. இருமல் கொஞ்சம்.

சிந்து மே மாசம் வருகிறாளாம். மாப்பிள்ளை வரவில்லை, இவள் மட்டும். "அப்பாகிட்ட ஒண்ணு கேக்கோணும்மா. போன்ல வேண்டாம், நேர்ல வந்து கேக்கறேன். அவரே அவரு வாயால சொல்லோணும்."

"என்ன கேக்கப் போறே?"

"அப்பறம் சொல்றேன்."

அப்புறம் சொல்கிறாளாம். எனக்குத் தெரியாதா? புனேயில் இருக்கிற இவளுக்கு நங்கையா போன் போட்டு ஊதிவிட்டிருப்பார். மகள் வந்து விசாரணை வைக்கப் போகிறாள். பெற்ற தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, இந்த மனுசனைச் சாட்சி சொல்லச் சொல்லப் போகிறாள். பெற்றது ஒன்று. அதன் கண்ணில் நான் ராட்சசியாகிவிட்டால் அப்புறம் உயிரோடு இருந்து என்ன பிரயோசனம்?

அவருக்கும் விஷயம் தெரியும். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்போதிருந்து எழுத்துக் கட்டத்தை விட்டு விரலை எடுக்கவில்லை.

5 ஏப்ரல், வெள்ளி

அவர் தூங்கும்போது எட்டிப் பார்த்தேன். புதுக் கட்டம் ஒன்று, அரைகுறையாக: "சிந்து, என்னை".

என்னை என்ன? என்னைக் கொல்கிறாள் என்றா?

9 ஏப்ரல், செவ்வாய்

துணைக்குரல்காரர்களின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஜெசிந்தா என்று ஒரு பெண் எடுத்தாள். தேன் மாதிரிப் பேச்சு. புரோகிராம் அடிக்கடி நின்று போகிறது, பாஸ்வேர்டும் மறந்துவிட்டது, புதிதாகப் போட்டாலும் பழையதே வருகிறது என்றேன்.

"சும்மா அன்இன்ஸ்டால் பண்ணினா அப்படித்தாம்மா. வாடகைக்கு இருந்தவங்க காலி பண்ணிட்டுப் போனாலும் சுவத்துல அவங்க அடிச்ச ஆணி இருக்கும்ல? அது மாதிரி மிச்சம் மீதி உள்ளயே தங்கிடும். மறுபடி போட்டா அது பழசைத் தேடிப் பிடிச்சுக்கும். மிச்சத்தையும் எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்."

"எடுத்துரலாம், சொல்லுங்க."

"நாளைக்கு லேப்டாப் முன்னால உக்காந்துட்டுக் கூப்பிடுங்கம்மா. முக்கால் மணி நேரம் ஆகும்."

நல்ல பெண். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். ஆகிவிட்டதாம்.

10 ஏப்ரல், புதன்

இன்றைக்குக் கஞ்சி கொடுக்கத் தாமதமாகிவிட்டது. காரணம் கீழே.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டேன். அவர் நாற்காலியை எதிரே போட்டேன். வேறு அறையில் வைத்துச் செய்திருக்கலாம். ஆனால் அந்த அறையில் பேன் ஓடாது.

ஜெசிந்தா சொல்லச் சொல்லச் செய்தேன். முதலில் வழக்கமான அன்இன்ஸ்டால். பிறகு ஒளிந்திருக்கிற போல்டர்களைக் காட்டச் சொல்லி ஓர் இடத்தில் டிக் அடிக்க வேண்டும். அடித்தால் இத்தனை நாள் கண்ணில் படாத போல்டர்கள் எல்லாம் மங்கலாக வந்து நிற்கின்றன. அதில் ஒன்றில் துணைக்குரல். உள்ளே அவர் பேசினதெல்லாம்.

"பேஷண்ட் பேரு என்னம்மா? அந்தப் பேர்ல ஒரு பைல் இருக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. "சென்னியப்பன்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அதுதாம்மா. அவர் எழுதி வெச்ச வாக்கியம், அவர் அடிக்கடி சொல்ற வார்த்தை எல்லாம் அதுலதான் இருக்கு. அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கறீங்களா? பாவம், ஒரு விரல்ல எழுதினது. போனா வராது."

"வேண்டாங்க. ஒண்ணும் பெருசா எழுதலைங்க."

அவர் சத்தம் போட ஆரம்பித்தார். ஊஊ இல்லை, இது வேறு மாதிரி, அடிவயிற்றிலிருந்து. இடது கையை மேசை மேல் தூக்கிப் போட்டு லேப்டாப்பை இழுக்கப் பார்த்தார். நான் ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டேன். கை மேசையை வறட் வறட்டென்று தேய்த்தது.

"பின்னாடி யாரோ அழுவறாங்களாம்மா?"

"டிவிங்க" என்றேன்.

அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி பண்ணச் சொன்னாள், காலி பண்ணினேன். எல்லாப் பேருக்கும் பொதுவாக இன்னொரு போல்டர் இருந்தது. அதுவும் போயிற்று. கடைசியாக ரெஜிஸ்ட்ரி. "இது கவனமாப் பண்ணணும்மா, நான் சொல்ற ஒண்ணைத் தவிர எதையும் தொடாதீங்க" என்றாள். தொடவில்லை. துணைக்குரல் என்ற பேர் இருந்த வரியை மட்டும் அழித்தேன். டைப்ரைட்டிங் படித்த விரல், பிசகவில்லை. ரீஸ்டார்ட். மறுபடி பேரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை என்று வந்தது.

"இப்ப அடியோட போயிருச்சும்மா. புதுசா இன்ஸ்டால் பண்ணுங்க. இனிமே அது இப்பத்தான் பொறந்த மாதிரி இருக்கும்."

அவர் அழுதுகொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துவிட்டேன். பிறகு கஞ்சி கொடுத்தேன், பாதியைத் துப்பிவிட்டார். சட்டை மாற்றவில்லை. துப்பினவர் கொஞ்ச நேரம் அதோடு இருக்கட்டும்.

11 ஏப்ரல், வியாழன்

புதிதாகப் போட்டாயிற்று. பராமரிப்பவர் யார் என்று முதல் கேள்வி. வசந்தாமணி. பாஸ்வேர்டு எதுவென்று அடுத்த கேள்வி. அதை இங்கே எழுத மாட்டேன்.

எழுத்துப் பக்கம் வேண்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று டிக் அடித்தேன்.

கட்டங்கள் நானே எழுதினேன். "நல்லா இருக்கேன்." "சாப்பிட்டேன்." "வலி ஒண்ணும் இல்லை." "தூக்கம் வருது." ஆமாம், இல்லை என்று இரண்டு போடலாமா என்று யோசித்தேன். சிந்து வந்து உட்கார்ந்துகொண்டு, அம்மா கொடுமை பண்றாளா என்றோ நல்லாப் பாத்துக்கறாளா என்றோ கேட்டால்? இரண்டும் ஆபத்து. போடவில்லை.

மூலையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் எழுதினேன்: "வசந்தாமணி என்னை நல்லாப் பாத்துக்கறா."

'இவ' என்றுதான் முதலில் தட்டினேன். அழித்துவிட்டுப் பேரைப் போட்டேன். போட்டுவிட்டு நானே விரலால் அழுத்திக் கேட்டேன். ஆம்பளைக் குரலில் என் பேர். திரும்ப அழுத்தினேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது, சனியன்.

22 ஏப்ரல், திங்கள்

லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தேன். எல்லாக் கட்டத்தையும் தொட்டுப் பார்த்தார். நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். வலி ஒண்ணும் இல்லை. திரும்ப மூலைக்குப் போனார். எழுத்துக் கட்டம் முன்பு இருந்த மூலை அது. "வசந்தாமணி என்னை நல்லாப் பாத்துக்கறா" என்றது. கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் தொடவே இல்லை. மலம் போயிற்று.

4 மே, சனி

சிந்து வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். நாளைக்குக் கேட்கிறாளாம். துணைக்குரல் திரும்பக் கெட்டுப் புதிதாகப் போட்டதாகவும், கட்டமெல்லாம் எழுதி முடித்ததும் எழுத்துப் பக்கத்தை அவரே எடுக்கச் சொல்லிவிட்டதாகவும் சொல்லிவைத்தேன்.

அவருக்கு இளநீர் கொடுத்தேன், கேட்காமலே. வெள்ளை வேட்டி கட்டி, சவரம் செய்து, திருநீறு பூசி வைத்தேன். அவளே, "அப்பா பளபளன்னு இருக்காரேம்மா" என்றாள். "பின்னே?" என்றேன்.

5 மே, ஞாயிறு

இட்லி, மசித்தது. மாத்திரை கொடுத்தாயிற்று.

காலை டிபன் முடிந்ததும் சிந்து அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். நான் சமையலறைக் கதவோரம் நின்றேன். கையில் கரண்டி.

"அப்பா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாங்க புனேயில கீழ்த்தளத்து வீடா மாறியிருக்கறோம். உங்களுக்குன்னு தனி ரூம். பகல்ல ஒரு நர்ஸ் வருவாங்க. என்னோட வந்துடறீங்களா? காலத்துக்கும் அங்கயே இருந்துக்கலாம். அம்மாவும் பாவம், ஒருத்தியா எத்தனை நாளைக்குத் தூக்கிச் சுமக்கும்?"

விசாரணை இல்லை. என்னைக் கேட்க வரவில்லை அவள். அவரைக் கொண்டுபோக வந்திருக்கிறாள்.

சிந்து, என்னைக் கூட்டிட்டுப் போ. அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தார் அந்த மனுசன். எழுத விட்டிருந்தால்!

அவர் விரல் லேப்டாப் மேல் பாய்ந்தது. நல்லா இருக்கேன் என்றது. இல்லை என்பது போல உறுமினார். சாப்பிட்டேன் என்றது. தலை ஆடிற்று, அது எப்போதும் ஆடும் தலை. பிறகு மூலைக்குப் போனார். எழுத்தைத் தேடித்தான் போனார், எனக்குத் தெரியும். மாசக்கணக்காகப் பழகின விரல், அங்கேயேதான் போகும்.

"வசந்தாமணி என்னை நல்லாப் பாத்துக்கறா."

சிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் மறுபடி அழுத்தினார். மறுபடியும். வியர்த்து வழிய, குத்துக் குத்தென்று குத்தினார். வசந்தாமணி, வசந்தாமணி, வசந்தாமணி என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது.

"அம்மா!" என்று சிந்து கத்தினாள். "அப்பா உன்னையப் பேரு சொல்லிக் கூப்பிடறாரும்மா! நான் பொறந்ததுல இருந்து ஒருக்காக்கூடக் கேட்டதில்லையே!" ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அத்தை என்னென்னமோ சொன்னாங்க. நான்தான் நம்பிட்டேன். மன்னிச்சுரும்மா. உங்க ரெண்டு பேரையும் பிரிக்கப் பாத்தேனே, பாவி!"

"இல்ல கண்ணு, அவரு சும்மா... நீ கூட்டிட்டுப் போ கண்ணு. அங்க நல்லா இருப்பாரு."

"வர மாட்டேங்கறாரேம்மா! பாரு, எப்படி அழுவறாரு. உன்னைய விட்டுட்டு வர மனசில்லை."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். இந்தக் கட்டமெல்லாம் நான் எழுதினது என்று நாலு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் என்னை என்னவென்று நினைப்பாள்? கரண்டியோடு திரும்பிப் போய்க் குழம்பைக் கிளறினேன்.

7 மே, செவ்வாய்

சிந்து புறப்பட்டுப் போனாள். ரயிலில் அவருக்குப் போட்டிருந்த டிக்கெட்டைப் போனிலேயே ரத்து செய்தாள். வாசலில் நின்று, "உங்களை மாதிரி நாங்களும் வயசான காலத்துல இருக்கோணும்மா" என்றாள்.

9 மே, வியாழன்

காலை ஒன்றும் கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

யோசித்து யோசித்துப் பார்த்தேன். இன்னும் கெட்டுப்போகவில்லை. அவரே எழுதினால் சிந்து நம்புவாள். மனசு மாறிவிட்டது, வந்து கூட்டிப்போ என்று அவர் எழுதினால் போதும், நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நர்ஸ் வருவாள். அந்த ரூம் காலியாகத்தான் கிடக்கிறது.

பாஸ்வேர்டைப் போட்டு எழுத்துப் பக்கத்தைத் திறந்தேன். லேப்டாப்பை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன், முழு டம்ளர். குடித்தார்.

"எழுதுங்க" என்றேன். "கூட்டிட்டுப் போன்னு எழுதுங்க. இப்பவே போன் போட்டுக் காட்டறேன். உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு விரல் போயிற்று. 'போ' என்று தட்டினார். அடுத்து 'க'. போனைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

'மா' என்று தட்டினார். 'ட்'. 'டே'. 'ன்'.

"போகமாட்டேன்" என்று படித்தது அந்தக் குரல்.

"ஏன்? உங்களுக்கென்ன பைத்தியமா? இங்க என்னத்தக் கண்டீங்க? நான் தண்ணி தர மாட்டேன், தெரியுமல்ல? செவுத்தப் பாத்துத்தான் உக்காரோணும். அந்தப் புள்ளை அங்க தங்கத் தட்டுல வெச்சுத் தாங்குவா. போங்களேன்! போய்த் தொலைங்களேன்!"

கையைப் பிடித்துக்கூடக் கெஞ்சினேன். அந்த விழுந்த கையை. அவர் இடது விரலால் மறுபடி தட்ட ஆரம்பித்தார். அவசரமே இல்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த எழுத்து. முடிந்ததும் படிக்கிற கட்டத்தைத் தொட்டார்.

"நான் போயிட்டா நீ நல்லா இருப்பே."

அந்தப் பாதி வாய் சிரித்தது.

சண்டாளன். சரியாகத்தான் சொன்னான்.